நான்கு இரவு அந்தமான்: இருவராகப் போகிறவர்கள் ஒரே தீவில் தங்குங்கள்

கேள்வி: கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகிறது. இருவருக்கும் சேர்ந்தாற்போல ஐந்து நாள்தான் விடுப்பு கிடைக்கும். மாலத்தீவுக்குச் செலவு கட்டுப்படியாகாது. அந்தமான் போனால் அலைச்சல் இல்லாமல் இருந்துவிட்டு வர முடியுமா? எந்தத் தீவில் தங்கலாம்?

முடியும். ஆனால் தங்குவது ஒரே தீவாக இருக்க வேண்டும். எது என்று கேட்டால் யோசிக்காமல் நீல் தீவு என்பேன். நானும் என் கணவரும் உங்களைப் போலத்தான் குறைந்த விடுப்பை வைத்துக்கொண்டு போனோம். அதற்குப் பிறகு நண்பர்கள் பலருக்கும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

ஏன் ஒரே தீவு? நாங்கள் விசாரித்தபோது வந்த பேக்கேஜ்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. முதல் நாள் போர்ட் பிளேர், அடுத்த நாள் ஹேவ்லாக், அதற்கடுத்த நாள் நீல், மறுபடி போர்ட் பிளேர், விமானம். நடுவில் எங்காவது ராஸ் தீவையும் பாராட்டாங் தீவையும் சொருகியிருப்பார்கள். காகிதத்தில் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தீவு மாற்றத்துக்கும் என்ன ஆகும் பாருங்கள். காலையில் பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், நிற்க வேண்டும். பெட்டியை ஸ்கேன் செய்து ஏற்றி, பயணம் முடிந்து இறங்கி, வண்டி பிடித்துப் போனால் அடுத்த அறை இன்னும் தயாராகியிருக்காது. அரை நாள் போயே போய்விடும். நான்கு இரவில் மூன்று முறை இப்படி மாறினால் நீங்கள் பார்க்கப்போவது படகுத்துறைகளைத்தான். புதிதாகக் கல்யாணமானவர்களுக்கு எந்த ஊரைப் பார்ப்பதையும்விடச் சேர்ந்தாற்போல உட்காரக் கிடைக்கும் நேரம் பெரிது. அதைப் படகுத்துறை வரிசையில் விட்டுவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், டிக்கெட் எடுக்கும்போது குழப்பம் வரும். 2018 டிசம்பரில் நீல் தீவுக்கு ஷாஹீத் தீவு என்றும் ஹேவ்லாக்குக்கு சுவராஜ் தீவு என்றும் பெயர் மாற்றினார்கள். 1943 இல் நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டு அது. 2024 இல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான் அதிகம் ஓடுகின்றன. நானும் பழக்கத்தில் அதையே எழுதுகிறேன்.

நீல் சின்னத் தீவு. ஜெட்டியிலிருந்து கிழக்குக் கோடியில் இருக்கும் சீதாபூர் கடற்கரைக்கு 5 கிலோமீட்டர்தான். சைக்கிளிலேயே தீவு முழுக்கச் சுற்றிவிடலாம், ஸ்கூட்டரும் வாடகைக்குக் கிடைக்கும். நடுவில் வயல், வாழை, பாக்கு, காய்கறித் தோட்டம். போர்ட் பிளேருக்குப் போகும் காய்கறியில் கணிசமான பங்கு இங்கே விளைவது. பிரிவினைக்குப் பிறகு வங்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள்தான் பெரும்பாலும் இருக்கிறார்கள். அதனால் பஜாரில் சோறு, பருப்பு, மீன் குழம்பு என்று வங்காளச் சாப்பாடு சுடச்சுடக் கிடைக்கும், ரிசார்ட்டில் சாப்பிடுவதற்கு ஆகும் செலவில் பாதிகூட ஆகாது. இறால், நண்டு, பெரிய மீன் எல்லாம் எடை போட்டு விலை சொல்வார்கள். சமைக்கச் சொல்வதற்கு முன்பே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனிதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. தேதி முடிவு செய்யும் முன் சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் அமாவாசை என்றைக்கு என்று பாருங்கள். புதுத் தம்பதி அமாவாசையை ஒட்டிப் பயணம் கிளம்புவதா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அதற்கு ஒரு நாள் முன்போ பின்போ கிளம்பி அவர்களைச் சமாதானப்படுத்திக்கொள்ளலாம், ஆனால் அந்த வாரத்தை விடாதீர்கள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் கடல் மற்ற நாள்களைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நீல் தீவில் பார்க்க வேண்டிய பாதி விஷயம் கடல் வற்றும்போதுதான் வெளியே தெரியும். பௌர்ணமியிலும் அப்படித்தானே என்று கேட்கலாம். அமாவாசைக்கு இன்னொரு லாபம் உண்டு, இரவு கும்மிருட்டாக இருக்கும். விளக்கு இல்லாத கடற்கரையில் நட்சத்திரங்களை அந்த அடர்த்தியில் நம் ஊரில் பார்த்திருக்க மாட்டீர்கள். சில இரவுகளில் கரையோரத் தண்ணீரில் காலை அளைந்தால் நீலப் பொறி பறக்கும். தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் அசைவு பட்டதும் வெளிச்சம் விடுவது அது. எல்லா இரவும் தெரியும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆனால் நிலா இருந்தால் இருக்கும் பொறியும் கண்ணுக்குப் படாது.

கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஒரு வற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒன்று எப்படியும் பகலில் விழும், ஆனால் நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிக்கொண்டே போகும். போர்ட் பிளேரில் கடல் ஏறி வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும், நீலுக்கும் அதே நேரத்தை வைத்துக்கொள்ளலாம். போர்ட் பிளேரில் எங்களை ஜெட்டிக்குக் கூட்டிப்போன ஆட்டோக்கார அண்ணன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் சொன்னது இது: "அதப் பாக்கணும் இதப் பாக்கணும்னு ஓடாதீங்கம்மா. தண்ணி எப்ப வத்துதுன்னு ரூம்காரர்கிட்ட தெனம் காலைல கேட்டுக்குங்க, அது போதும்." எங்கள் பயணத்திட்டம் முழுக்க அந்த ஒரு வரிதான்.

வற்றும் நேரத்தில் போக வேண்டிய இடம் லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரை. இயற்கைப் பாலம், ஹவுரா பாலம் என்றெல்லாம் சொல்வார்கள். கடல் அரித்துக் குடைந்த பாறை வளைவு ஒன்று நிற்கிறது, எல்லோரும் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். எனக்கு வளைவைவிட அதற்குப் போகும் வழிதான் பெரிது. தண்ணீர் இறங்கியதும் இறந்த பவளப்பாறை மேடு நீளத்துக்கு வெளியே வரும். அதில் அங்கங்கே முழங்கால் ஆழத்துக்கும் குறைவான குட்டைகள். முதலில் பார்த்தால் வெறும் கல்லும் தண்ணீரும்தான். ஒரு குட்டைப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பாருங்கள். நிழல் அசையாமல் இருந்தால் ஓரிரு நிமிடத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். கல் என்று நினைத்தது கடல் வெள்ளரியாக இருக்கும். சங்குக்குள் குடியிருக்கும் நண்டு வீட்டோடு நகரும். கல்லிடுக்கில் பதிந்திருக்கும் பெரிய மட்டி, கருநீலமும் பச்சையுமாக மினுங்கும் உதட்டை விரித்து வைத்திருக்கும். உங்கள் நிழல் விழுந்தால் படக்கென்று மூடிக்கொள்ளும். கொஞ்சம் தள்ளிப்போய் நின்றால் மெதுவாக மறுபடி திறக்கும். என் கணவர் ஓரிடத்தில் நிற்காத மனிதர். அந்த ஒரு குட்டை ஓரத்தில் அவர் அத்தனை நேரம் உட்கார்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அங்கே உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டியாக வருவார்கள், சில நூறு ரூபாய் கேட்பார்கள். கொடுங்கள். எங்கே கால் வைக்கலாம், எது கொட்டும், எது உயிரோடிருக்கும் பவளம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வெறுங்காலோடு போகவே கூடாது, பாறை பிளேடு போல அறுக்கும். பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு வேண்டும். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் கிளம்பிவிடுங்கள், வந்த வழியே மூழ்கிவிடும். எதையும் கையில் எடுக்காதீர்கள், எதையும் பையில் போடாதீர்கள். பவளமும் பல வகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. கரையில் கிடந்த துண்டுதான் என்றாலும் விமான நிலையத்தில் பையைத் திறந்து பறிமுதல் செய்வார்கள், அபராதமும் வழக்கும் வரலாம்.

கடல் ஏறியிருக்கும் நேரத்துக்கு பரத்பூர் கடற்கரை. ஜெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆழம் குறைந்த, அலை அடங்கிய பச்சைத் தண்ணீர், நீச்சல் தெரியாதவர்களும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஸ்நார்க்கலிங் செய்யலாம். பகல் ஏற ஏற ஜெட் ஸ்கீ சத்தமும் டூர் கூட்டமும் வந்துவிடும், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். பவளத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள். 2010 இல் கடல் சூடேறி அந்தமான் பவளப்பாறைகள் பெரிய அளவில் வெளுத்துப்போயின. மிச்சமிருப்பதை நாம் மிதித்து உடைக்க வேண்டாமே. இந்தப் பக்கத்துக் கடற்புல் மேடுகளில் ஆவுளியா மேயும். நம் பாக் நீரிணையில் இருக்கும் அதே கடற்பசுதான், அந்தமானுக்கு அதுதான் மாநில விலங்கு. கண்ணில் படுவது அபூர்வம், ஆமை பார்க்கும் வாய்ப்பு அதிகம்.

சூரியன் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அந்தமானிலும் இந்திய நேரம்தான், ஆனால் இடம் சென்னையிலிருந்து வெகு தொலைவு கிழக்கே இருக்கிறது. சென்னையைவிடச் சுமார் 50 நிமிடம் முன்னதாகவே இருட்டிவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஏப்ரலிலும் 5.30 மணியை ஒட்டியே மறைந்துவிடும். சாயங்காலம் டீ குடித்துவிட்டு ஆற அமரக் கிளம்பினால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். லட்சுமண்பூர் முதல் கடற்கரைக்கு 4 மணிக்கே போய்விடுங்கள். வெள்ளை மணல் நீளமாகப் போகும், கரையை ஒட்டிக் கடல் இலுப்பை மரங்கள் நெடுநெடுவென நிற்கும். கடைகள் இருக்கும் நுழைவாயிலை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் உங்கள் இருவரைத் தவிர ஆள் இருக்காது. மணலில் ஒரு பூச்சி உண்டு, கண்ணுக்கே தெரியாது, கடித்தால் வாரக்கணக்கில் அரிக்கும். காலில் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு துணி விரித்து உட்காருங்கள். காலைச் சூரியனுக்கு சீதாபூர். 5 மணிக்கு முன்பே எழுந்திருக்க வேண்டும், ஆனால் இருட்டியதும் தூங்கிவிடுகிற ஊர் என்பதால் அது கஷ்டமாக இருக்காது.

ஹேவ்லாக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2004 இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய ராதாநகர் அங்கேதான் இருக்கிறது, அந்தப் பெயருக்கு அது முழுத் தகுதி உள்ளது. நல்ல உணவகங்கள், வசதியான ரிசார்ட்டுகள், இரவில் அலையாத்திக் காட்டுக்குள் துடுப்புப் படகில் போய்த் தண்ணீர் ஒளிர்வதைப் பார்க்கும் ஏற்பாடு, எல்லாம் உண்டு. உங்களில் ஒருவருக்கு ஸ்கூபா டைவிங் ஆசை இருந்தால் ஹேவ்லாக்கே தங்குங்கள், டைவிங் பள்ளிகள் அங்கேதான் அதிகம். நீச்சல் தெரியாதவர்களையும் பயிற்சியாளர் கூடவே இருந்து அதிகபட்சம் 12 மீட்டர் ஆழம் வரை கூட்டிப்போவார். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை, கர்ப்பம் இருந்தால் கூடாது, படிவத்தில் உண்மையை எழுதுங்கள். டைவிங் முடித்து 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் மேலே போனால் ஆபத்து. அதனால் டைவிங்கை முதல் இரண்டு நாளுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே தங்கினாலும் ஓடை கடலில் சேரும் இடத்திலும் அலையாத்தி ஓரத்திலும் இறங்காதீர்கள், முதலை எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு நில்லுங்கள். 2010 இல் ஹேவ்லாக்கில் ஒரு அமெரிக்கப் பெண் முதலையிடம் உயிரை விட்டிருக்கிறார்.

ஆனால் நீங்கள் கேட்டது அலைச்சல் இல்லாமல் இருவராக இருப்பது. அதற்கு நீல்தான். அங்கே செய்ய அதிகமில்லை என்று சிலர் குறை சொல்வார்கள். உங்களுக்கு அதுதானே வேண்டும்?

பாராட்டாங் பயணத்தை யார் வற்புறுத்தினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விடியும் முன்பே கிளம்பி ஜிர்க்காட்டாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, வண்டித் தொடராகப் போக வேண்டும். ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்பது சின்ன காரணம். அந்தச் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் போகிறது. அவர்களைப் படமெடுப்பதும் அவர்களிடம் பேசுவதும் குற்றம். அப்படியிருந்தும் வண்டியில் இருப்பவர்கள் ஜன்னல் பக்கம் எட்டி எட்டித் தேடுவார்கள் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் வீட்டு வாசலில் நின்று அவர்களை வேடிக்கை பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, நாள்களை எப்படிப் பிரிப்பது? சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் 2 மணி 15 நிமிடம். அதிகாலை விமானம் எடுத்து, மதியத்தில் நீலுக்குக் கப்பல் இருந்தால் அன்றே தீவுக்குப் போய்விடுங்கள். மூன்று இரவு அங்கே, கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில். விமானம் ஏறும் நாள் காலையில் தீவிலிருந்து கிளம்பும் திட்டம் மட்டும் வேண்டாம். கடல் சீற்றமானால் கப்பலை ரத்து செய்துவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது. அந்தக் கடைசி மாலையில், விடுதலைப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த செல்லுலார் சிறைக்குப் போங்கள். இருவரும் சந்தோஷமாக இருக்கப் போகும் இடத்தில் சிறை எதற்கு என்று தோன்றலாம், ஆனாலும் விடாதீர்கள். 1896 இல் தொடங்கி 1906 இல் கட்டி முடித்தது. ஏழு சிறகில் மூன்று மிச்சம். ஒவ்வொரு சிறகின் முகப்பும் அடுத்த சிறகின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள், ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவே முடியாது. அந்த அறைக்குள் போய் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். மூடியிருக்கும் நாள் எது என்று முன்பே விசாரித்துத் திட்டம் போடுங்கள்.

கப்பலில் தனியார் வேகப் படகு, அரசுக் கப்பல் என இரண்டும் உண்டு. தனியார் படகு ஏசி, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி நீல் போய்விடும், ஆனால் பலவற்றில் மூடிய அறைக்குள்ளேயே உட்கார வேண்டும். அரசுக் கப்பல் மெதுவாகப் போகும், கட்டணம் குறைவு, மேல்தளத்தில் நிற்கலாம். பறக்கும் மீன்கள் தண்ணீரை விட்டு எழும்பி ஒரே வீச்சில் அத்தனை தூரம் போவதை அங்கே நின்றுதான் பார்த்தோம். அரசுக் கப்பல் டிக்கெட் கிடைப்பது கஷ்டம் என்பதால் போகும்போது தனியார், வரும்போது முடிந்தால் அரசுக் கப்பல் என்று முயன்று பாருங்கள். குமட்டல் வருகிறவர்கள் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டும், வந்தபின் போட்டால் பலனில்லை.

மாதம் என்று பார்த்தால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் அங்கே உண்டு, மே பாதியிலிருந்து மழை பிடித்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் எல்லாமே விலை ஏறிவிடும், அப்போது வேண்டாம்.

பூப்படுக்கை, கேக், மெழுகுவர்த்தி விருந்து என்று ஹனிமூன் பேக்கேஜில் தனியாகப் பணம் வாங்குவார்கள். அந்தப் பணத்தைக் கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் நல்ல அறைக்குப் போடுங்கள். முன்பதிவு செய்யும்போது ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், மின்சாரம் அடிக்கடி போகும். ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கம் கொண்டு போங்கள். 2020 இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போட்டபின் போர்ட் பிளேரிலும் ஹேவ்லாக்கிலும் இணையம் தேறிவிட்டது. நீலில் சிக்னல் வரும் போகும், அலுவலக வேலையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எடுக்கும் வரிசை இப்படி: முதலில் அமாவாசை பார்த்துத் தேதி, அப்புறம் விமானம், உடனே கப்பல், கடைசியாக அறை. கப்பல் டிக்கெட்டுக்கு அடையாள அட்டை விவரம் கேட்பார்கள், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றியிருந்தால் எல்லா டிக்கெட்டிலும் அட்டையில் இருக்கும் பெயரையே போடுங்கள்.